மகாவுக்கு எழுதிய சொல்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் மெடிக்கல் கோடிங் வேலை. மருத்துவர் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் காப்பீட்டுக்காக ஒரு எண் உண்டு. அதைத் தேடிப் போட வேண்டும். ஹெப்பகோடியில் ஷில்பாவும் நானும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். வீட்டு ஓனருக்கு நாங்கள் தோழிகள். குடியாத்தத்தில் இருக்கும் என் வீட்டாருக்கும் அப்படித்தான். உண்மை தெரிந்தால் அண்ணன் அன்றைக்கே வந்து என்னை இழுத்துப் போவான். அந்தப் பயத்தோடுதான் தினமும் பல் துலக்குகிறேன்.

சந்தேகமான சொற்களை மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கூடிப் பேசித் தீர்ப்பது எங்கள் வழக்கம். அன்று டீம் லீடர் கவியரசன் ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். அவரும் எங்கள் ஊர்தான். என் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

“ஒரு டாக்டர் ‘செக்ஷுவல் இன்வர்ஷன்’னு எழுதியிருக்காரு. என்ன கோட் போடறது?”

பக்கத்து சீட் நரேஷ் யோசிக்கவே இல்லை. “மென்டல் டிஸார்டர்ல ஏதாச்சும் ஒண்ணு போட்டுடலாம்.”

தப்பான கோட் என்றால் எனக்குப் பொறுக்காது. “போடக்கூடாது! அது நோயே இல்ல” என்று எழுந்துவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன் மருத்துவர் ‘நேர்மாறான பாலுணர்வு’ என்று பெயர் வைத்ததையும், அது மற்ற மொழிகளுக்குப் போய் ‘இன்வர்ஷன்’ ஆனதையும் சொன்னேன். பெண்ணை விரும்பும் பெண், ஆணை விரும்பும் ஆண், புடவையில் நிம்மதி காணும் ஆண் எல்லோரையும் அந்தச் சொல் ஒரே மூட்டையில் கட்டியது. இவர்களுக்கு உள்மனம் தலைகீழாகத் திரும்பிவிட்டது என்று பொருள் சொன்னார்கள். பலர் நோய் என்றார்கள். சிலர் அதே சொல்லை வைத்துக்கொண்டு, ‘பிறவியிலேயே வருவது, ஜெயிலில் போடாதீர்கள்’ என்று வாதாடினார்கள்.

“பொண்ணு பொண்ணை விரும்பறது, ஆண் ஆணை விரும்பறது ரெண்டையும் தொண்ணூறுலயே உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுச்சு. இதுக்கெல்லாம் கோட் கிடையாது.”

“இவ்ளோ எப்படித் தெரியும் உனக்கு?” நரேஷ் சிரித்தான்.

“எக்ஸாமுக்குப் படிச்சது” என்றேன். எந்தப் பரீட்சையிலும் அது வராது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கவியரசன் சிரிக்காமல் என்னையே பார்த்தார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

“வித்யா, கொஞ்சம் வெளிய வா” என்றார்.

மாடிப்படிக்குப் போனோம். அண்ணனுக்கு இந்நேரம் செய்தி போயிருக்கும் என்றே நினைத்தேன்.

“அது நம்ம வேலைக்கு வந்த கேஸே இல்ல” என்றார் கவியரசன். “எங்க மகாவுக்கு எழுதினது.”

மகா அவருடைய தங்கை, பீன்யாவில் வேலை பார்ப்பவள். ஒரு பெண்ணோடு பழகுகிறாள் என்று கேள்விப்பட்டு அவர் அப்பா ஊரிலிருந்து வந்து, சிவாஜிநகரில் ஒரு வயதான டாக்டரிடம் காட்டியிருக்கிறார். மாற்றிவிடலாம், ஊசி போட வேண்டும் என்றாராம் டாக்டர்.

“இன்னைக்குதான் ஊசி. ஆட்டோல போயிட்டிருக்காங்க. நான் சொன்னா அப்பா காதுல ஏறல. உள்ள சொன்னியே, அதை அவர்கிட்ட சொல்லு வித்யா.” போனைக் கையில் திணித்தார்.

சொன்னேன். அவர் அப்பா பொறுமையாகத்தான் கேட்டார்.

“எல்லாம் புஸ்தகத்துல இருக்கறதும்மா. அந்த மாதிரி யாராச்சும் நல்லா வாழ்ந்து நீ பாத்திருக்கியா?”

யாரோ ஒருத்தியைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் போனில், அவருக்குப் பக்கத்தில், மகா அழுவது கேட்டது.

“நானே அப்படித்தாம்பா. ஷில்பான்னு ஒரு பொண்ணோட நாலு வருஷமா நல்லாத்தான் இருக்கேன்.”

எதிரே கவியரசன் ஆடாமல் நின்றார். என் அண்ணனின் சிநேகிதர். போனில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் அப்பா கேட்டார்.

“உங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொல்ல பயமா இருக்கு.”

“எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு” என்றார். பிறகு அவர் குரல் தள்ளிப்போய்க் கேட்டது.

“டிரைவர், வண்டியக் கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா.”