எட்டாவது மாடிக்கு ஒரு சாவி

"யார் பூட்டுன லிஃப்ட்ல ஏறி நிக்கிறேன்னு தெரியுதாய்யா ஒனக்கு?"

ஸ்தோயன்கா போட்ட சத்தம் எட்டு மாடிக்கும் கேட்டது. லிஃப்டுக்குள் சுவரைப் பிடித்தபடி நின்றவர் அவள் புருஷன் மெட்டோடி. கையில் சாவி.

"ஒக்னியான் சும்மாதான் குடுத்தான்," என்றார்.

"நாம வேலை பாத்த மில்லையே வித்துத் தின்னவன் சும்மா குடுத்தானாம், இவரு வாங்கிக்கிட்டாராம்."

மூன்றாம் மாடி ஒக்னியான் படியிறங்கி வந்தான். "மெதுவா பேசுக்கா. ரிப்பேருக்குப் பணம் கேட்டு வந்தப்போ ஒருத்தரும் கதவைத் தெறக்கல. நானே சரி பண்ணி, நானே பூட்டுப் போட்டேன். அண்ணனுக்குக் கால் முடியல, ஒரு சாவி குடுத்தேன். அது தப்பா?"

"குடுத்தா எல்லாருக்கும் குடு. ஒரே கேன்டீன்ல ஒரே சூப்பு குடிச்சவங்கதானே நாம? அப்ப மில் ஸ்டோர் சாவி ஒன்கிட்ட இருந்துச்சு, இப்ப லிஃப்ட் சாவி."

ஒக்னியான் திருடனா சாமர்த்தியசாலியா என்பது பல்கேரியாவின் ருசே நகரத்து எங்கள் கட்டடத்தில் அவன் காதுக்கு எட்டும் தூரத்தைப் பொறுத்தது. ஸ்தோயன்கா மட்டும் எங்கேயும் ஒரே பேச்சுத்தான். அவள் சந்தைக்குப் போகும் நேரத்தில் மெட்டோடி கீழே வந்து பெஞ்சில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. எங்களுக்கே அது ஆச்சரியம்.

சாவியைப் பிடுங்கி ஒக்னியான் கையில் திணித்தாள். மெட்டோடி, "சரி," என்றார். அவ்வளவுதான். அவள் தோளைப் பிடித்து, மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து எட்டாவது மாடி வீட்டுக்கு ஏறினார்.

அதன்பின் இறங்கவே இல்லை. பால்கனியில் தாயப் பலகையை விரித்து, இரண்டு பக்கத்துக்கும் அவரே ஆடினார். பெஞ்சிலிருந்து நண்பர்கள் விழுந்த எண்ணைக் கத்திச் சொல்வார்கள். காதில் விழாது, ஆனாலும் காயை நகர்த்துவார். பனி வந்ததும் கதவை அடைத்தார்கள். வீட்டில் பேச்சும் நின்றது.

பிப்ரவரியில் ஸ்தோயன்கா ஒக்னியான் வீட்டு வாசல் வரை போனாள், தட்டாமல் திரும்பினாள். மறுநாள் தட்டினாள். அவன் சாவியைக் கொடுத்தான்.

"வாய்யா, கீழ போலாம். நானே கூட்டிட்டுப் போறேன்."

மெட்டோடி சாவியைப் பார்த்தார். "இனிமே எதுக்கு, ஸ்தோயன்கா," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டார். வழக்கம்போல் கட்டட வாசலில் படத்தோடு இரங்கல் தாள் ஒட்டினார்கள்.

ஒக்னியானின் மகள் வியன்னாவில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். அவன் ஊருக்கு வெளியே உயரமான மதில் வைத்து வீடு கட்டிப் போனான். போகும்போது லிஃப்ட் பூட்டைக் கழற்றிவிட்டான். ஸ்தோயன்காவை மகன் ஸ்பெயினுக்குக் கூட்டிப் போனான். அங்கே வீடு முதல் மாடியாம்.