சூட்டு மாத்திரையும் ஒரு தம்ளர் பாலும்

"சுபா, கலக்காத! ஊசியை எடு!"

வசுந்தரா மூன்று மாடியையும் படியேறியே ஓடி வந்திருந்தாள். நர்ஸ் சுபலட்சுமியின் கையிலிருந்த சிரிஞ்சு, சலைன் பாட்டிலின் மூடியைத் தொடப்போன இடத்தில் அப்படியே நின்றது.

"லிஃப்ட் ரிப்பேர்னா மெதுவா ஏறி வரலாம்ல மேடம்? உங்களுக்கும் சேத்து ஒரு பெட் போடணும் போலிருக்கே!"

வசுந்தரா சிரிக்கவில்லை. தல்லாகுளத்தில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் அவள்தான் மருந்தியல் நிபுணர். எந்த மருந்து யாருக்கு ஆகும், எது எதோடு சண்டை போடும் என்று பார்ப்பது அவள் வேலை.

"ரவிசங்கர் சார், இவருக்கு அமிக்காசின் ஊசி வேண்டாம்."

டாக்டர் ரவிசங்கர் கண்ணாடியைக் கழற்றினார். "வேற வழி சொல்லும்மா. கிட்னியில கிருமி. பெனிசிலின் வகை பக்கமே போக முடியாது, முகம் வீங்கி மூச்சு முட்டும். சிப்ரோ மருந்தும் கேக்கல. காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது."

"பிறவியிலேயே ஒத்தைக் கிட்னி சார். இந்த ஊசி அதையும் கெடுத்துட்டா?"

"தெரிஞ்சுதான் யோசிக்கிறேன். ஆனா ஆள் பிழைக்கணுமே."

கட்டிலில் மெர்வின் கண்ணை மூடிக் கிடந்தான். மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். மருத்துவமனைக்கு அவன் வெறும் நோயாளி. அவளுக்கு?

வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே சுண்டல் பொட்டலத்தைப் பங்குபோட்ட சாயங்காலங்கள் இருந்தன. சௌராஷ்டிரா வீட்டுப் பெண்ணுக்குக் கிறிஸ்தவ மாப்பிள்ளையா என்று அப்பா ஹரிநாராயணன் வாசலிலேயே அவனைத் திருப்பி அனுப்பினார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதன்பிறகு அப்பா காட்டிய வரன்களை எல்லாம் அவள் வேண்டாமென்றாள். அவளுக்கென்று அவர் வாங்கிவைத்த சீர் பாத்திரங்கள் இன்னும் பரணில் கிடந்தன. "உன் கல்யாணத்துக்குத்தான் அதை இறக்குவேன்" என்று சொன்னவர், பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மெர்வினும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வார்டில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அவனை "மிஸ்டர் மெர்வின்" என்றுதான் கூப்பிட்டாள். வீட்டுக்குப் போய், அப்பாவுக்குக் கேட்காது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதாள்.

"சார், ஒரு விஷயம் கவனிங்க. சிப்ரோவை ஊசியா ஏத்தினப்ப காய்ச்சல் இறங்குச்சு. தேறிட்டார்னு மாத்திரைக்கு மாத்தினோம். உடனே ஏறுது. அதே கிருமி, அதே மருந்து. போற பாதைதான் வேற."

"கிருமி பழகியிருக்கலாமே?"

"இருக்கலாம். ஆனா மாத்திரை ரத்தத்துக்கே போய்ச் சேரலைன்னா?"

டாக்டர் யோசித்தார். "காரணத்தைக் காட்டு. இப்பவே மறுபடி சிப்ரோ ஊசிக்கு மாத்துறேன். வெறும் ஊகத்தை நம்பி விட முடியாதும்மா."

வசுந்தரா கட்டிலருகே குனிந்தாள். "மிஸ்டர் மெர்வின், வயித்தெரிச்சலுக்கு வெளியில வாங்கி ஏதாவது குடிச்சீங்களா? இரும்புச்சத்து மாத்திரை? கால்சியம்?"

"இல்லை."

"சிப்ரோ மாத்திரையை எதுல விழுங்குறீங்க?"

அவன் பார்வை சன்னலுக்குப் போனது. "தண்ணியிலதான்."

பொய். தெப்பக்குளத்துச் சுவரில் பொய் சொன்னபோதும் இப்படித்தான் எங்கேயோ பார்ப்பான்.

"மெர்வின்!" மிஸ்டர் தானாகக் கழன்று விழுந்தது. "அந்த ஊசி போட்டா, இருக்குற ஒரு கிட்னியும் போயிரலாம். அப்புறம் ஆயுசுக்கும் டயாலிசிஸ். மறைக்காமச் சொல்லு."

அவன் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. "பால்ல. சத்துப் பவுடர் கலந்த பால். மாத்திரை சூடு, வெறும் தண்ணியில போட்டா வயித்தை அறுத்துரும்னு சொன்னாங்க. ரெண்டு வேளையும் பெரிய தம்ளர் நிறைய. அதுல என்ன தப்பு?"

"தப்பே அதுதான்! பால்ல இருக்குற கால்சியமும் பவுடர்ல இருக்குற இரும்பும் சிப்ரோவை இறுக்கிப் பிடிச்சுக்கும். குடலைத் தாண்ட விடாது. மருந்து பாதிக்கு மேல வீணாப் போகும்."

டாக்டர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "சுபா, அமிக்காசினைத் தூக்கி வை. சிப்ரோ பாட்டிலைக் கொண்டா."

சுபலட்சுமி போகிற போக்கில் முணுமுணுத்தாள். "பார்வையாளர் நேரத்துல வர்ற பெரியவர்தான் மேடம். வாத்தியார் சொந்தம்னு நினைச்சேன். ஃப்ளாஸ்க்கை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அம்புட்டுப் பதமா வருவாரு."

மறுநாள் காலை மெர்வினின் நெற்றி வேர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. வசுந்தரா தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்க மனம் வரவில்லை.

"டீச்சருங்க கேள்வி கேட்டுத்தான் பழக்கம். நீ என்னையே பரீட்சை எழுத வச்சுட்ட" என்றான்.

"பெயில் ஆகிருப்ப. யாரு அந்தப் பெரியவர்?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"அவர்கிட்ட நான் பேசணும். இல்லைன்னா இன்னைக்கும் பாலோட வந்து நிப்பாரு."

"பால் வேணாம்னு சொல்லு. வர வேணாம்னு மட்டும் சொல்லிறாத, வசு. எனக்குப் பால் பிடிக்காது. உனக்குத் தெரியும்ல? இருந்தும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சேன். எத்தனையோ வருஷமா ஏங்கின ஒண்ணு, தானா தேடி வந்துச்சு. எப்படி வேணாம்பேன்?"

அவளுக்குப் புரியவில்லை. பெரியவர் எதையாவது விட்டுப் போயிருக்கிறாரா என்று கட்டிலோரத்து லாக்கரைத் திறந்தாள். துண்டில் சுற்றி ஒரு தம்ளர். வெள்ளி. கருத்துப்போய், அண்மையில் யாரோ அவசரமாகத் தேய்த்திருந்த வெள்ளி. உள்ளே காய்ந்த பாலாடை. கழுவலாம் என்று குழாயடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

அடிப்பாகத்தில், பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொடுத்த எழுத்துகள்.

ஹ. வசுந்தரா.

அப்பா பரணிலிருந்து சீர் பாத்திரத்தை இறக்கிவிட்டிருந்தார்.