எழுபது மாத்திரை

காலை ஏழு மணிக்கு அவருடைய மனைவி மூன்று தலையணைகளையும் தண்ணீர் ஜாடியையும் தனக்கென்று ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குக் குடிபோனாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால், "இனிமே என் பக்கத்துல வராதீங்க. எனக்கு வந்தது உங்களுக்கும் வர வேண்டாம்" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். கூடத்தில் நின்றபடி அவர் தலையை மட்டும் ஆட்டினார். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ஊரடங்கு போட்டு மூன்றாவது மாதம். யாருக்கு மூச்சு வாங்கினாலும் அந்த ஒரே நோய்தான் எல்லார் நினைவுக்கும் வந்தது. அவருக்கு மட்டும் வேறொரு காரணம் தெரியும். அதை வெளியில் சொல்லவும் முடியாமல் உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியாமல் நான்கு நாட்களாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

முப்பத்து நாலு வருடம் ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் அவர் பெயர் 'ஸ்டோர் சார்'தான். அவர் காலத்தில் உதிரி பாகம் இல்லாமல் ஒரு இயந்திரம்கூட ஒரு மணி நேரம் நின்றதில்லை என்பது அவருடைய பெருமை. எப்படி நிற்கும்? பேரிங் கேட்டு வருகிற ஃபிட்டரிடம் பழையதை வாங்கிப் பார்த்து, "இது இன்னும் ஒரு மாசம் ஓடும், போப்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அலமாரி நிறைந்திருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

மனைவியின் மாத்திரைகள் எப்போதும் அவர் பொறுப்பு. இதயம் பலவீனமானதிலிருந்து ஆறு வகை. காலையில் ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டுவார், அவள் மொத்தமாக வாயில் கவிழ்த்துத் தண்ணீர் குடிப்பாள். ஊரடங்கு தொடங்கிய வாரத்தில் மருந்துக்கடைக்காரர் கையை விரித்தார். மற்றவை இருந்தன. உடம்பில் நீர் கோக்காமல் பார்த்துக்கொள்ளும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை மட்டும் பத்துதான் இருந்தது. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து, சவர பிளேடால் ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினார். பத்து இருபதாயிற்று. அன்றைக்கு அவருக்குத் தன்மேல் ஏற்பட்ட திருப்தி கொஞ்சநஞ்சமல்ல. அவளிடம் சொல்லவில்லை, பயப்படுவாள் என்று.

அதுவரைகூட மன்னிக்கலாம். மூன்றாவது வாரம் லாரி வந்துவிட்டது. கேட்ட அளவு மாத்திரை கிடைத்தது. அவரோ வெட்டுவதை நிறுத்தவில்லை. மறுபடி அடைத்துவிட்டால்? இன்னும் கொஞ்சம் சேரட்டும், நாற்பது ஆகட்டும், ஐம்பது ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். போன மாதம் அவள் கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோது, வெளியில் நடக்காமல் உட்கார்ந்தே இருப்பதால்தான் என்று அவரே விளக்கம் சொன்னார். அவளும் நம்பினாள். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் சொன்ன நாளில்தான் அவருக்குக் காரணம் உறைத்தது. அன்றிலிருந்து முழு மாத்திரை போட்டிருக்கலாமே என்பீர்கள். திடீரென்று முழுதாகக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் என்று அதற்கும் ஒரு பயம். தப்பு செய்தவனுக்குச் சாக்கு கிடைக்காமலா போகும்.

வெளியூரில் இருக்கும் மகள் எப்படியோ பிடித்து, பத்து மணிக்கு டாக்டரம்மாவைத் தொலைபேசியில் வரவைத்தாள். பின்னறைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவர் பேசினார். காய்ச்சல் இல்லை, இருமல் கொஞ்சம், கால் வீக்கம் முழங்கால்வரை.

"நீர் மாத்திரைய ஒழுங்கா போடறாங்களா?"

"ஆமா டாக்டர். தினமும்."

டாக்டரம்மா, இருந்தாலும் சோதனை எடுத்துவிடலாம், முடிவு வரும்வரை தனியாகவே இருக்கட்டும், மூச்சுத் திணறல் கூடினால் உடனே கூப்பிடுங்கள் என்றார். அழைப்பு முடிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அவள் எழுந்து வந்து கதவருகே நிற்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது.

"இப்ப சொன்ன ஆமா சரியில்லையே."

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் முகம் தெரியாதவர்களின் குரல்களோடு குடித்தனம் நடத்தியவள். கல்யாணமான புதிதில், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அவர் சொன்ன பொய்யை அடுத்த அறையிலிருந்தே பிடித்தவள்.

"என்ன மறைக்கிறீங்க?"

"பாதிதான் குடுத்தேன்."

"எதுல பாதி?"

"நீர் மாத்திரை. கிடைக்காம போயிடுமோன்னு..."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தார். அவர் நாற்பது வருடத்தில் கேட்டறியாத ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு குரலில் அவள் சொன்னாள்: "நாலு நாளா நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? எனக்குப் போனாப் போகுது, உங்களுக்கு ஒட்டிடக் கூடாதுன்னு. டாக்டருக்குத் திரும்பப் போடுங்க. நீங்களே சொல்லுங்க, எனக்குக் கேக்கற மாதிரி."

போட்டார். சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் அவரை இன்னும் வதைத்தது. உடனே ஒரு முழு மாத்திரை கொடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், வாசலில் சொல்லி வைக்கிறேன், தாமதிக்காதீர்கள் என்றார். வண்டிக்கும் சொல்லியாயிற்று.

அலமாரியைத் திறந்து புது அட்டை ஒன்றை எடுத்து வந்தார். கதவு ஒரு சாண் திறந்தது. முகமூடிக்கு மேலே அவள் கண்கள் தெரிந்தன, பிறகு அவளுடைய கை நீண்டது. அவள் பார்க்கும்படியாகவே அட்டையிலிருந்து பிதுக்கி, உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னும் எத்தன இருக்கு?" என்றாள்.

"எழுபது."

"எழுபதா. பத்திரமா இருக்கட்டும்."

கேலியா, கோபமா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. தண்ணீர் ஜாடி அவள் பக்கம்தான் இருந்தது. இருந்தும், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல, அந்தக் கை உள்ளே போகவில்லை. ஊதிப்போன விரலில் மோதிரம் கழற்ற முடியாதபடி சதைக்குள் புதைந்து கிடந்தது. தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. மாத்திரையை ஏந்தியபடி, விரல்கள் மூடாமல், கை அவருக்கு முன்னால் நீண்டே இருந்தது.