ஓர் அங்குலக் கச்சேரி

என் கணவரின் குறும்பெல்லாம் விரல்களில்தான். வாயில் துளியும் கிடையாது. என் அம்மா எதிரே வந்தால் "சரிங்க அத்தை", "ஆமாங்க அத்தை" தவிர அந்த வாயிலிருந்து வேறு சத்தம் வராது. கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டாலோ அந்த விரல்களைப் பிடிக்க முடியாது.

நாளிதழ் ஒன்றில் பக்கம் வடிவமைக்கிற வேலை அவருக்கு. வெள்ளிதோறும் வரும் "இந்த வாரம் நகரில்" பக்கம் அவர் பொறுப்பு. எந்த அரங்கில் நாடகம், எங்கே ஓவியக் கண்காட்சி, எந்தக் கவிஞர் எத்தனை மணிக்குத் தன் கவிதையைத் தானே வாசித்துத் தானே கண்கலங்கப் போகிறார் என்பதெல்லாம் அதில் வரும். குறிப்பு வந்து சேராத இடத்தில் அளவு பார்ப்பதற்காக எதையாவது தட்டி வைப்பார்கள். டம்மி என்று சொல்வார்கள். மற்றவர்கள் அ, ஆ, இ, ஈ என்று தட்டுவார்கள். இவர் என் அம்மாவைப் பற்றித் தட்டுவார்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். பாடுவாள். குக்கர் விசில் அடிப்பது காதில் விழாத அளவுக்குப் பாடுவாள். எங்கள் பகுதிக் கலை மன்றத்தில் ஒரே ஒரு மாலை மேடை கேட்டு வருஷா வருஷம் போய் நிற்பாள். அதன் செயலாளரும் வருஷா வருஷம் "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுவார். அன்று மட்டும் எங்கள் வீட்டில் பாட்டில்லாமல் பாத்திரம் தேய்படும். நாலு பேர் எதிரே உட்கார்ந்து தன் பாட்டைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்த வாரம் ஒரு நாடகக் குழு அனுப்புகிறேன் என்று சொன்ன குறிப்பை அனுப்பவில்லை. பக்கத்தில் ஓர் அங்குலம் காலி. இவர் அதில் டம்மியைப் போட்டார், எடுக்க மறந்தார். பிழை திருத்துபவர் அதை முழுசாகப் படித்து, ஒரு காற்புள்ளியைச் சேர்த்து, அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே படித்தது இதுதான்: "சனி மாலை 6 மணி. மாமியார் கச்சேரி. இரும்புத் தொண்டையிலிருந்து நேரடியாக." கீழே எங்கள் வீட்டுக் கதவு எண், தெரு, கூடம். அதற்கும் கீழே: "அனுமதி இலவசம், வெளியேறுவது கடினம்."

எங்கள் வீட்டில் செய்தித்தாளை முதலில் பிரிப்பவள் அம்மா. அதைக் கையில் பிடித்தபடி எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை, எனக்கே தெரியாம இவ்வளவு பெரிய ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே! இரும்புத் தொண்டைன்னு வேற போட்டிருக்கீங்க. எவ்வளவு மரியாதை!"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது வந்து... அத்தை..." என்று இழுத்தார். அதற்குள் ஃபோன் அடித்தது. நாளிதழின் ஆசிரியர்.

"வழி கேட்டு ஆபீசுக்கு ஃபோன் மேல ஃபோன். அப்படி ஒரு நிகழ்ச்சி நிஜமாவே இருக்கா, இல்ல உங்க கைவேலையா?"

"இருக்கு சார்! நிஜமாவே இருக்கு!"

"அப்படியா? அப்ப நானும் வர்றேன்."

ஃபோனை வைத்துவிட்டுக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா நகர்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. வருகிறவர்கள் இதை ஏதோ நகைச்சுவை நாடகம் என்று நினைத்துத்தான் வருவார்கள். அம்மா உயிரைக் கொடுத்துப் பாடுவாள், அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கேலிக்காகத் தட்டிய வரி அது என்று தெரிந்துவிட்டால் அவள் அப்புறம் வாயே திறக்கமாட்டாள்.

"நீயாவது பக்குவமாச் சொல்லேன்" என்றார் இவர்.

"நான் எதுக்குச் சொல்லணும்? நானா தட்டினேன்?"

சனிக்கிழமை சாப்பாட்டு மேசை பால்கனிக்குப் போனது. சோபா சுவரோரம் ஒதுங்கியது. நாற்காலிகள் மாடி வீட்டிலிருந்து வந்தன, கூடவே மாடி வீட்டுக்காரரும் வந்தார். தினமும் தரை வழியாகக் கேட்பதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டுமாம். கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக வந்து, செருப்பைக் கழற்றும்போதே சிரிக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கூடம் நிரம்பி, சமையலறை வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள்.

அம்மா தன் நல்ல புடவையில் வந்து உட்கார்ந்தாள். கூட்டத்தை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, கதவைப் பூட்டிச் சாவியை இப்படிக் குடுங்க."

"எதுக்கு அத்தை?"

"வெளியேறுவது கடினம்னு பேப்பர்ல போட்டுட்டோம். போட்டபடி நடக்க வேண்டாமா?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆசிரியரின் கால் கீழே இறங்கியது. இவர் பூட்டிவிட்டு வந்து சாவியை நீட்டினார். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"முதல் பாட்டு மாப்பிள்ளைக்கு. நான் பாடுனா காதைப் பொத்திக்குவார். குளிக்கும்போது அதையே பாடுவார். தப்பாப் பாடுவார். சரியான மெட்டு இதுதான், கேட்டுக்கோங்க."

பாடினாள். கைதட்டினார்கள்.

"இந்த வீட்ல ராத்திரி இன்னொரு கச்சேரி உண்டு. அதை எந்தப் பேப்பர்லயும் போடறதில்லை. மாப்பிள்ளை படுத்தா ஆரம்பிப்பார், விடிஞ்சாத்தான் முடிப்பார். சுருதி இப்படி இருக்கும்." அம்மா ஒரு குறட்டை விட்டாள். நிஜத்துக்கும் அதற்கும் இம்மி வித்தியாசம் இல்லை. கட்டிய மனைவி நான் சொல்கிறேன். "அதே சுருதியில ஒண்ணு பாடறேன்."

பிள்ளைகள் தரையில் புரண்டார்கள். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இவர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினார்.

கடைசியாக எந்த முன்னுரையும் இல்லாமல் ஒரு தாலாட்டு. என்னைத் தூங்கவைத்த பாட்டு. குரல் மேலே போன இடத்தில் இரண்டு தடவை பிசிறியது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர்கூட இருமவில்லை. அம்மாவின் பாட்டை நான் உட்கார்ந்து கேட்டது அன்றுதான். அதுவரை அடுத்த அறையிலிருந்து "கொஞ்சம் மெதுவாம்மா" என்று கத்தியபடிதான் கேட்டிருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அழுதுவிட்டேன்.

பாட்டு முடிந்து அம்மா சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டு, அவள் தொண்டை கட்டிய பிறகுதான் கிளம்பினார்கள். "அடுத்தது எப்போ? முன்கூட்டியே சொல்லுங்க, பெருசாப் போடுவோம்" என்றார் ஆசிரியர், போகிறபோது.

எல்லோரும் போனதும் அம்மா மறுபடி கதவைப் பூட்டினாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றார்.

"அத்தை, விளையாட்டாத்தான் எழுதினேன். மன்னிச்சுடுங்க."

"கேலின்னு படிச்சதுமே தெரியும் மாப்பிள்ளை. கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அந்த மன்றத்துல இத்தனை வருஷமா ஒரு மூலைகூடக் குடுக்கலை. நீங்க ஒரு அங்குலம் குடுத்தீங்க. ஆளும் வந்தாங்க." கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஆனா அதுல ஒரு தப்பு இருக்கு. திருத்தம் போடணும். போட்டாத்தான் சாவி."

இவர் அங்கேயே மடிக்கணினியைத் திறந்தார். அம்மா பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அந்தக் குறும்புக்கார விரல்கள் அடக்க ஒடுக்கமாகத் தட்டின. அடுத்த வெள்ளிக்கிழமை அது கட்டம் கட்டி வந்தது:

"திருத்தம்: சென்ற வாரம் 'இரும்புத் தொண்டை' என்று வெளியாகியிருந்தது. 'எஃகுத் தொண்டை' என்று வாசிக்கவும். மாமியார் கச்சேரி இந்தச் சனிக்கிழமையும் உண்டு. பக்கவாத்தியம்: மாப்பிள்ளையின் குறட்டை."