டோக்கன் பார்த்த செய்தி

எங்கள் வானொலிக்கு ஒரே ஒரு சட்டம்தான். டோக்கன் பார்க்காமல் யார் சாவையும் வாசிக்கக் கூடாது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில், கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. இறங்கும்போது பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள், ஏறி வந்ததும் மாட்டுவார்கள். கீழே பாறை வெடித்தால், பலகையைப் பார்த்து முடிக்கிறவரை ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழி வாசலில் யாரும் ஒரு பெயரும் சொல்லக் கூடாது. ஒருமுறை எவனோ அவசரப்பட்டு வாயை விட்டதில், கோரமண்டல் பகுதி மங்கம்மா அத்தை கல்யாணமான ஆறாம் மாதமே வளையலை உடைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து அவர் புருஷன் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி வந்து, "இன்னா ஆச்சு?" என்று கேட்டாராம். அவர் அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம் இருந்தார். அத்தை மறுபடி கண்ணாடி வளையல் போடவே இல்லை.

வானொலி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு லேப்டாப், ஒரு மைக், மாரிகுப்பத்தில் தாமோதரன் அண்ணா வாடகை வாங்காமல் விட்டிருந்த ஓர் அறை. செல்போனில் கேட்கலாம். கட்சிக்காரர் தயவும் இல்லை, கம்பெனி விளம்பரமும் இல்லை. கேட்கிறவர்கள் கொடுப்பதில்தான் ஓடுகிறது. பெங்களூர் ரயில் எவ்வளவு லேட், பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இன்றைக்கு எந்தத் தெருவுக்கு, இதுதான் எங்கள் தலைப்புச் செய்தி. வாசிப்பவள், பெருக்குபவள் எல்லாம் மாயா என்கிற நான்தான்.

எல்லையில் சண்டை தொடங்கியதும் ஊருக்கே ஜுரம் வந்தது. டிவிக்காரர்கள் இரவில் நாலு ஊரைப் பிடித்தார்கள், விடிந்ததும் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். புதன்கிழமை காலை என் போனிலும் அந்தப் படம் வந்தது. மங்கம்மா அத்தையின் ஒரே பிள்ளை நாகேஷ், ராணுவ உடுப்பில், மாலை போட்டு. வீரமரணம் என்று எழுதியிருந்தது.

பத்து மணிக்குத் தாமோதரன் அண்ணா வந்தார். ஃப்ளெக்ஸுக்கு அதற்குள் ஆர்டர் கொடுத்துவிட்டாராம்.

"பன்னெண்டு மணிக்கு அஞ்சலி படிச்சிடு மாயா. எம் பேரையும் சேத்துக்கோ."

"டோக்கன் பாத்தாச்சாண்ணா?"

"ஊரு முழுக்க போன்ல வந்துகினு இருக்குது. உனக்கு இன்னா டோக்கன்?"

நான் ராணுவ அலுவலகத்துக்குப் போன் போட்டேன். தகவல் இல்லை என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு ரயில், தண்ணீர் இரண்டை மட்டும் வாசித்தேன். ஒரு மணிக்கு அண்ணா ஃப்யூஸைப் பிடுங்கினார். "தேசத்துக்காக செத்தவன் பேரை சொல்ல வாய் வலிக்குதா உனக்கு?" என்று கேட்டு, மைக்கையும் லேப்டாப்பையும் ரோட்டில் வைத்துவிட்டு அறைக்குப் பூட்டு போட்டார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது, அதனால் அழவில்லை.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. மங்கம்மா அத்தை இறங்கினார். அந்தப் படத்தை அவரும் பார்த்திருக்கிறார், முகத்திலேயே தெரிந்தது.

"நீ படிக்கலியே?"

"இல்ல அத்தே."

"அப்ப ஏறு. என் ஊட்ல கரண்ட் கீது."

கோரமண்டலில் அவர் வீட்டு முன்னறையில் டிவியை அணைத்து, அது இருந்த மேசையிலேயே மைக்கை வைத்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களை அத்தை வாசலிலேயே நிறுத்தினார். "டோக்கன் பாத்தப்புறம் வாங்க," என்றார். பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

மாலை ஆறரைக்கு யாருடைய போனிலிருந்தோ நாகேஷ் அத்தையோடு பேசினான். நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டாயா, அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் நான் மைக்கைப் போட்டு, கோரமண்டல் நாகேஷ் உயிரோடு இருக்கிறார், இப்போதுதான் அம்மாவோடு பேசினார் என்று வாசித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வாசித்ததில்லை. மறுநாள் தாமோதரன் அண்ணா சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கப் போனேன், அத்தை விடவில்லை.

"சண்ட முடியறவரைக்கும் இங்கயே பேசட்டும்," என்றார். தன் முன்னறையில் மைக் இருக்கும்வரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் நம்பினார். உண்மையைச் சொன்னால், நானும் நம்பினேன்.

சனிக்கிழமை சண்டை நின்றது. ஞாயிறு காலை ஓர் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு, கன்னடத்தில் மெதுவாகச் சொல்லி, காகிதத்தைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலை என்று இருந்தது.

அத்தை காகிதத்தை என்னிடம் நீட்டினார். பெட்டியைத் திறந்து, நாகேஷ் முதல் வருஷம் எழுதிய கடிதத்தையும் எடுத்து வந்தார். அதில் அவனுடைய ராணுவ எண் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். ஒன்றாவது மாறியிருக்கக் கூடாதா என்று கடைசியிலிருந்து மறுபடி பார்த்தேன்.

தெருவே வாசலில் நின்றது. தாமோதரன் அண்ணாவும் நின்றார். யாரும் ஒரு பெயரும் சொல்லவில்லை.

"டோக்கன் பாத்தாச்சா?" என்றார் அத்தை.

"பாத்தாச்சு அத்தே."

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்து எனக்குப் போட்டார்.

"அப்ப படி," என்றார். "நீ படிச்சாதான் நான் அழ முடியும்."