ஊதா மையில் நாற்பது கோடுகள்

சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்குப் பொத்தான் கடையின் மாடியறையில் மூன்று பெண்கள் கூடினர். துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவரை மற்ற இருவரும் ஸ்கேல் அக்கா என்று அழைத்தனர். வெறுங்கையால் அவர் இழுத்த கோட்டின்மீது பிறகு அடிக்கோலை வைத்துப் பார்த்தாலும் இம்மியும் பிசகியிராது. மருந்துக் கடைக்காரிக்குக் கத்தரி என்று பட்டம். அது அவள் கையிலிருந்த கருவியைக் குறித்ததன்று, வாயைக் குறித்தது. மூன்றாமவள் நூலகத்தில் பணிபுரிபவள். பன்னிரண்டு ஆண்டுகளில் பதினொரு போர்வைகளைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காத பெருமை அவளுடையது. ஆதலால் அவள் அரைக்கிணறு.

பன்னிரண்டாவது போர்வையை எப்படியும் முடித்துவிடுவதென்று அவள் உறுதி பூண்டிருந்தாள். வெளிர்நீலம், சாம்பல், நனைந்த மணலின் பழுப்பு ஆகிய நிறங்களில் அமைந்த மேல்துணி அது. அதன் குறுக்கே நாற்பது நேர்கோடுகளை அக்கா வரைந்து தருவார். அக்கோடுகளின் வழியே அவள் கையால் தைக்க வேண்டும். மேல்துணியும் நடுவிலுள்ள பஞ்சும் அடித்துணியும் ஒன்றாகப் பிணைந்து போர்வையாவது அப்போதுதான்.

மாடியறையின் மேசைமீதே எப்போதும் கோடு வரையும் அக்கா, இம்முறை துணியை வீட்டிற்கு எடுத்துச் சென்றார். அரைக்கிணறு குடும்பத்துடன் கடற்கரைக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், அதை அட்டைக்குழலில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

“போன உடனே தைச்சிடு. தள்ளிப் போடாதே.”

“யார்கிட்ட போய் இதைச் சொல்றீங்க அக்கா?” என்றாள் கத்தரி. “கடல் வத்தினாலும் வத்தும், இவ போர்வை முடியாது.”

“இந்தத் தடவை முடிக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்.”

“மாத்தி? கால்கிணறுன்னா?”

அக்கா சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து, இரு கைகளையும் அதன்மீது அழுத்திக்கொண்டு அமர்ந்திருந்தார்.

கடற்கரையில் அவர்கள் ஒரு வாரத்திற்கு எடுத்திருந்த வீட்டில் அலையோசை எல்லா அறைகளிலும் குடியிருந்தது. சன்னல் கண்ணாடிகளில் உப்புப் படிந்திருந்தமையால் வெளிச்சம் பால் கலந்தாற்போல் உள்ளே வந்தது. படுக்கை விரிப்பும் சர்க்கரையும் தீப்பெட்டியும் ஒரே ஈரத்தில் பிசுபிசுத்தன. எழுந்தவர் முற்றும் விழிக்காமலும் படுத்தவர் முற்றும் உறங்காமலும் இருக்க, நாள்கள் ஒன்றினுள் ஒன்று வழிந்தன. கணவரும் மகளும் நாத்தனாரும் நீரில் இறங்குவதும் கரையேறுவதுமாக இருந்தனர். யார் எப்போது உண்டார்கள் என்பதற்குக் கழுவாத தட்டுகளே சான்று.

முதல் நாள் காலையில் அவள் துணியைக் கூடத்தின் தரையில் விரித்தாள். நாற்பது ஊதாக் கோடுகளும் ஓரத்திலிருந்து ஓரத்திற்கு நேராகத்தான் சென்றன. ஆயினும் ஒவ்வொன்றினுள்ளும் மிக நுண்ணிய சிற்றலை ஒன்று ஓடியது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, காற்று தொட்ட குளத்துநீர்போல் துணி முழுவதும் அசைந்தது. தான் கடலுக்குப் போவதை எண்ணி அக்கா கோட்டுக்குள் தண்ணீரை வைத்து அனுப்பியிருக்கிறார் என்று அவள் மகிழ்ந்துபோனாள். மூன்று அடுக்குகளையும் சேர்த்து ஊக்குகளால் பிணைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கண் அயர்ந்தது. அன்று தைக்கவில்லை. மறுநாளும் அப்படியே ஆயிற்று.

மூன்றாம் நாள் காலையில் கோடுகள் வெளிறியிருந்தன.

துணியில் கோடு வரைய இருவகைப் பேனாக்கள் உண்டு. நீல மை நீர் பட்டால்தான் அழியும். ஊதா மையோ காற்றிலேயே தானாக மறைந்துவிடும். ஈரக்காற்றாயின் இன்னும் விரைவாக. பல நாள் பிடிக்கும் கைத்தையலுக்கு ஊதா மை ஆகாது என்று மாடியறையில் நூறு முறை சொன்னவர் அக்காவேதான். முதல் நாளே நிறத்தைக் கண்டும் அவளுக்கு உறைக்கவில்லை. அக்கா பேனாவை மாற்றி எடுப்பார் என்பது அவள் கனவிலும் தோன்றாத செய்தி.

நாளொன்றுக்கு நான்கு கோடுகளுக்குமேல் அவளால் தைக்க இயலாது. நாற்பதும் பொழுது சாய்வதற்குள் போய்விடும். அவள் வாசலுக்குச் சென்று மூவரையும் அழைத்தாள்.

தலை துவட்டியபடி கணவர் வந்தார். “என்னம்மா, தேள் கீள் வந்துடுச்சா?”

“கோடு போகுது.”

“எங்க போகுது?”

“விளையாடாதீங்க. ஆளுக்கு ஒரு ஊசி எடுங்க. கோட்டு மேலேயே, அலை ஏறற இடம் இறங்கற இடமெல்லாம் ஊசி குத்தி நூல் ஓட்டணும். அழகா வேண்டாம். இடம் தவறாம இருந்தா போதும்.”

“எனக்குச் சட்டைப் பொத்தானே தைக்கத் தெரியாதே.”

“இருபத்தாறு வருஷமா அதைச் சொல்லியே ஓட்டிட்டீங்க. இன்னிக்கு நூலை ஓட்டுங்க.”

“மாட்டினீங்கப்பா,” என்றாள் மகள்.

நால்வரும் போர்வையின் நான்கு புறமும் அமர்ந்தனர். ஈரக்கால்களில் ஒட்டியிருந்த மணல் தரையில் உதிர்ந்தது. வெள்ளை நூல் ஒவ்வோர் ஏற்றத்திலும் இறக்கத்திலும் குத்தியபடி துணியைக் கடந்தது. ஊதா நிறம் எல்லாக் கோடுகளிலும் ஒரே சீராக மெலிந்துகொண்டிருந்தது. எந்தக் கணத்தில் மெலிந்தது என்பதை மட்டும் எவர் கண்ணாலும் பிடிக்க முடியவில்லை. ஊசியிலிருந்து கண்ணை எடுத்து மீண்டும் வைத்தால், கோடு முன்பிருந்ததைவிடச் சற்றுத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றியது. வெளியே அலை வந்து திரும்பும்போதெல்லாம் நால்வரும் அறியாமலே அதற்கேற்ப நூலை இழுத்தனர்.

நாத்தனார் மருத்துவமனையில் செவிலி. நான்கைந்து கோடுகளை முடித்தபின், தலை நிமிராமலே கேட்டாள்:

“அண்ணி, இந்த அலையை அவங்க வேணும்னே போட்டாங்களா?”

“ஆமா. நாம கடலுக்கு வர்றோம்னு.”

நாத்தனார் மேலும் ஒரு கோட்டை முடித்தாள்.

“ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்க மாட்டீங்களே? ஆபரேஷனுக்கு முன்னாடி பேஷண்ட்டுங்க கையெழுத்துப் போடறதை வருஷக்கணக்கா பார்க்கறேன். சிலபேர் கோடு இப்படித்தான் வரும். வேணும்னே போட்டா இவ்வளவு ஒரே மாதிரி வராது.”

“என்ன சொல்றே நீ?”

“அவங்களுக்குக் கை நடுங்குது அண்ணி.”

அவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள். தண்ணீர் போய்விட்டது, ஒரு கை தெரிந்தது. மேசைவிளக்கின் கீழே, ஒருவருமில்லாத வீட்டில், துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்திற்கு நாற்பது முறை சென்ற கை.

நண்பகலுக்குள் முப்பத்தொரு கோடுகளில் நூல் ஏறியிருந்தது. மற்ற ஒன்பதும் மறைந்துவிட்டன. அவள் வாசற்படியில் அமர்ந்து அக்காவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, கோடு மறைஞ்சு போச்சு.”

“போகட்டும். நீயே நேரா தைச்சிடு.”

“ஊதா பேனான்னு தெரிஞ்சேதான் போட்டீங்களா?”

“தெரியாம போட நான் என்ன அரைக்கிணறா?” என்றார் அக்கா. பிறகு குரல் தாழ்ந்தது. “ஆறு மாசமா கை சொன்ன பேச்சு கேக்கலை. டம்ளரை எடுத்தா தளும்புது. உன்கிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. நீ உடனே தைச்சா கொஞ்சத்துக்காவது கோடு வழி காட்டும், கோணலை நீ நேராக்கிடுவே. அப்புறம் அதுவா மறைஞ்சிடும், யார் கண்ணுலயும் படாதுன்னு நினைச்சேன்.”

“முப்பத்தொண்ணு இருக்கு அக்கா. நாலு பேரும் உக்காந்து நூல் ஓட்டிட்டோம். நீங்க போட்டது போட்டபடியே.”

“பிரிச்சிடு.”

“மாட்டேன்.”

“சொன்னா கேளு. இனிமே நான் சனிக்கிழமை வர்றதா இல்லை. கோடு போடற ஸ்கேலே கோணலாயிடுச்சுன்னு கத்தரி ஆரம்பிப்பா. அவ வாயில விழுந்து எழுந்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.”

அக்கா வராத மாடியறையை அவள் எண்ணிப் பார்த்தாள். மேசை இருந்தது, நாற்காலிகள் இருந்தன, அவற்றில் அமர்ந்து செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“முதல்ல பார்த்தப்போ அலைன்னுதான் நினைச்சேன். ரெண்டு நாள் பார்த்துட்டே படுத்திருந்தேன். தைக்கவே தோணலை.”

“தைக்காததுக்கு உனக்கு ஒரு சாக்கு.”

“நிஜமா அக்கா. நேர்கோடு போதும்னா எனக்கு நீங்க எதுக்கு? கடையில ஸ்கேல் கிடைக்குது.”

மறுமுனையில் அக்கா தொலைபேசியை மாற்றிப் பிடிக்கும் ஓசையும், எதிலோ அது இடிபடும் ஓசையும் கேட்டன.

“மறைஞ்சது எத்தனை?”

“ஒன்பது.”

“எந்தப் பக்கம்?”

“கால் பக்கம்.”

“அதுல நீ கை வைக்காதே,” என்றார் அக்கா. “கெடுத்துடுவே. அப்படியே எடுத்துட்டு வா.”

எங்கே என்றும் எப்போது என்றும் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிற்பகலில் அவள் முதல் கோட்டைத் தைக்கத் தொடங்கினாள். நேர்கோட்டில் ஊசி தானாகவே போகும். கை பழகிவிட்டால் மனம் எங்கு வேண்டுமானாலும் உலவலாம். இக்கோட்டில் அது நடக்கவில்லை. அங்குலத்திற்கு எட்டுத் தையல் போட்டால் அலை மழுங்கியது. பதினொன்று போட்டால்தான் ஒவ்வோர் ஏற்றமும் இறக்கமும் துணியில் நின்றது. ஓரிடத்தில் அக்காவின் கை களைத்திருந்தது. அங்கே அலை சற்று அகன்றது. மற்றோரிடத்தில் நூல் மயிரிழை விலகித் தொடர்ந்தது, அங்கே அவர் பேனாவை எடுத்துவிட்டு மீண்டும் வைத்திருக்கிறார். அவ்விடத்தில் இவளும் ஊசியை நிறுத்தி மூச்சு விட்டாள். கணவர் ஓட்டியிருந்த முரட்டு நூலை, தைத்த அளவுக்குப் பின்னாலேயே உருவிக்கொண்டு போனாள். வெளிச்சம் மெல்லப் பழுத்தது. கடல் ஒலிக்கிறதா நின்றுவிட்டதா என்பதே தெரியாதவாறு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

கணவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “எத்தனை ஆச்சு?”

“ஒண்ணு.”

“இன்னும் முப்பது இருக்கே.”

“இருக்கட்டுமே,” என்று சொல்லி, அவள் இரண்டாவது கோட்டின் தொடக்கத்தைத் தேடி விரலால் துணியைத் தடவினாள்.