எதையாச்சும் அமுக்குனீங்களா

"மோட்டர் சுச்சு போடக்கூட என்னத்தான் கூப்புடுறாருடா ஒங்கப்பா," என்று கொளஞ்சியம்மாள் போனில் சொன்னபோது, இளவரசு சிதம்பரத்தில் தன் வீட்டு மாடியறையில், ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு ஆறிப்போன தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். டிவி ரிமோட்டை அப்பா தொடுவதே இல்லையாம். செல்போன் அடித்தால் பூரானைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அடுப்படியிலிருக்கும் அவளைக் கூப்பிடுகிறாராம். ஏன் என்று கேட்டால், நான் கை வச்சா எல்லாம் கெட்டுப்போவுது, நீயே அமுக்கு என்கிறாராம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாதிக் கோபம், பாதி வேடிக்கை அவளுக்கு. இளவரசுதான் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தான். அந்தப் பயத்தை அப்பாவுக்கு உண்டாக்கியது யாரென்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா சபாபதி அரசுப் பேருந்து ஓட்டியவர். கடலூர் சிதம்பரம் தடத்திலேயே பாதி ஆயுசு போனது. சர்க்கரை முற்றி வலது கால் விரல்களை எடுத்த பிறகு வேலையை விட்டு வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டர்கூட வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். கடலூர் செம்மண்டலத்தில் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற பஸ்களின் கியர் சத்தத்தைக் கேட்டு ஓட்டுகிறவர்களைத் திட்டுவதே அவருக்கு வேலையாகிப்போனது. பார்க்கச் சகிக்காமல் இளவரசு, தான் கல்லூரியில் படித்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டரைத் தூசு தட்டி, விளையாட்டு ஸ்டியரிங் ஒன்றையும் பெடலையும் மாட்டி, பஸ் ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். நம் ஊர்ப் பையன்கள் யாரோ நம் ஊர் பஸ்ஸையே, அதன் ஹாரன் சத்தம் முதற்கொண்டு, அதற்குள் செய்து வைத்திருந்தார்கள். சாலை மட்டும் எந்த ஊருடையதும் இல்லை. சபாபதிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? முதல் வளைவு ஆலப்பாக்கம், பெட்ரோல் பங்க் வந்தால் புதுச்சத்திரம், பாலம் வந்தால் வெள்ளாறு என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். இடது காலால் பிரேக் பிடிக்கப் பழகினார். சாயங்காலமானால் அடுத்த தெரு சுப்புராயன் வந்துவிடுவார். அவரோடு நெடுங்காலம் ஓடிய கண்டக்டர். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ரைட் சொல்லுவார், கொளஞ்சியம்மாள் காபி கொண்டுவந்தால் டிக்கெட் கேட்பார். இரண்டு பேருக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டுக்கும் வயதாகிவிட்டது. பஸ் ஓடும்போது திரையில் கோடு கோடாக விழுகிறது, ஒரு பார்வை பாரேன் என்று அப்பா போன் செய்தது ஒரு மாதத்துக்கு முன், ஒரு வேலை நாளில். இளவரசுக்கு வேலையே, சிதம்பரத்தில் உட்கார்ந்தபடி வெளிநாட்டுக்காரர்களின் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுப்பதுதான். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் கடலூர். அவன் போகவில்லை. இணையம் வழியாகவே அப்பாவின் திரையைத் தன் திரையில் திறந்தான். கார்டை இயக்குகிற மென்பொருள், டிரைவர் என்பார்கள், பழையதாக இருந்தது. இருப்பதிலேயே புதிதாக ஒன்றை இறக்கிப் போட்டான். அந்தப் பழைய கார்டை அது ஏற்குமா என்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் கை வைத்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. மறுமுனையில் ஒரு வெள்ளைக்காரி காத்திருந்தாள். அவன் பார்க்கவில்லை. பட்டனை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே போனான். கடலூரில் திரை கறுத்தது, கம்ப்யூட்டர் இணைப்பும் அறுந்தது. போனில் மட்டும் அப்பா இருந்தார்.

அப்போது அவன் வாயிலிருந்து வந்தது தொழில் பழக்கம். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும், எது கெட்டிருந்தாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர் பதில் தேடித் தடுமாறுகிற நேரத்தில் நமக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கும், பழியில் பாதி அந்தப் பக்கம் போய்விடும். சீனியர்கள் இதைக் காதோடு சொல்லித் தருவார்கள்.

"நடுவுல எதையாச்சும் அமுக்குனீங்களாப்பா?"

டிப்போவில் எது உடைந்தாலும் ஓட்டியவரைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லிப் பழகின மனுஷன் சபாபதி.

"நான் ஒண்ணும் பண்ணுலியேப்பா... மவுசு மேல கைகிய் பட்டுருக்குமோ என்னமோ."

"அதான்," என்றான் இளவரசு.

ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டு வெள்ளைக்காரியிடம் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றான், அந்த ஞாயிறு அவன் மனைவி மாலதியின் தங்கைக்கு வளைகாப்பு. அடுத்ததற்கு மழை. அதற்கடுத்ததற்குச் சாக்குச் சொல்லக்கூட அவன் மெனக்கெடவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்தாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பான்.

அம்மாவின் போன் வந்த வாரமே சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினான். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது, அப்பா இந்த இடத்தில் எப்போதும் வேகத்தைக் குறைப்பார் என்று நினைவு வந்தது. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. என்ன சொல்லப் போகிறோம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருந்தது.

வீட்டில் கம்ப்யூட்டரின் மேல் பூத்துண்டு போர்த்தியிருந்தது. ஸ்டியரிங்கைத் துணிக்கடைப் பையில் சுற்றி, வாயைச் சணலால் கட்டி வைத்திருந்தார் அப்பா. இவன் துண்டை எடுத்ததும் நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டு, கைகள் இரண்டையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தார். இளவரசு அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்குரூவைக் கழற்றினான்.

கார்டில் அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினான். அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு இயங்குகிற சேஃப் மோடில் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. அப்படியானால் கார்டு சாகவில்லை. தான் போட்ட டிரைவரைச் சுத்தமாக எடுத்தான். கல்லூரிக் காலத்தில் பத்திரப்படுத்தியிருந்த பழைய டிரைவர் அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு மூலையில் கிடந்தது, அதைப் போட்டான். பழையபடி தொடக்கத் திரை வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், யாரும் எதையும் தொடாமலேயே, திரை மறுபடி கறுத்தது.

"உட்டுருப்பா. நான் கெடுத்தத நீ என்னா பண்ணுவ," என்றார் சபாபதி.

இளவரசுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினான். அந்த நேரம் பார்த்துச் சுப்புராயன் செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். தம்பி எப்ப வந்தீங்க என்று விசாரித்தார். உங்கள் அப்பாவிடம் எத்தனை தடவை சொன்னேன், தெரியாத பட்டனில் கை வைக்காதே என்று, கேட்டால்தானே என்று குறைப்பட்டுக்கொண்டார். சபாபதி சிரித்தார். ஒப்புக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. சொல்ல வந்ததை இளவரசு விழுங்கிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தான். அப்படிக் குனிந்தபோதுதான் இணைய ஒயர் கண்ணில் பட்டது. இவன் எடுத்த டிரைவரை விண்டோஸ் தானாகவே இணையத்திலிருந்து இழுத்துத் திரும்பப் போட்டுக்கொள்கிறது. ஒயரைப் பிடுங்கினான். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான், அது தானாகப் புதுப்பித்துக்கொள்கிற வழியையும் அடைத்தான். இம்முறை திரை கறுக்கவில்லை.

விளையாட்டைத் திறந்ததும், விட்ட இடத்தில் பஸ் அப்படியே நின்றிருந்தது. சபாபதி சணலை அவிழ்த்து ஸ்டியரிங்கை வெளியே எடுத்தார். மாட்டிக் கொடுத்ததும் அதன்மேல் கையை வைத்தார். வைத்தவர் அப்படியே இருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கப்பா."

"நீயே அமுக்கிக் குடு. மறுபடியும் ஏதாச்சும் ஆயிடப்போவுது."

எந்த வண்டியானாலும் பாதித் தூக்கத்தில்கூடக் கிளப்பிக்கொண்டு போனவர். ஒரு பட்டனை அழுத்துவதற்கு மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளவரசு குனிந்து அழுத்தினான். இன்ஜின் உறுமியது. சுப்புராயன் ஸ்டூலை இழுத்துப்போட்டு ரைட் சொன்னார். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த கொளஞ்சியம்மாள், அப்பாடா, இனி வாசலில் போகிற டிரைவர்கள் பிழைத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பாத்தியா சுப்புராயா, எம்புள்ள வந்து கைய வச்சான், சரியாயிடுச்சு. நான்தான் கொரங்கு மாதிரி எதையோ நோண்டிட்டேன்."

ஆலப்பாக்கம் என்று அவர் பெயர் வைத்திருந்த வளைவில் பஸ் திரும்பியது. அடுத்த நிறுத்தத்தில் சிலர் ஏறினார்கள். இதோடு விட்டுவிடலாம், எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், எதற்குக் கிளற வேண்டும் என்று இளவரசு தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தான். அப்பாவின் இடது கை மட்டும் வழக்கம்போல ஹாரனுக்குப் போகவில்லை. எதிரே லாரி வந்தபோதும் அந்தப் பட்டன்மேல் விரலை வைத்து, அழுத்தாமல் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு அவனால் முடியவில்லை.

"அப்பா, அன்னிக்கி கெடுத்தது நீங்க இல்லப்பா."

சுப்புராயன் ரைட் சொல்ல எடுத்த வாயை மூடிக்கொண்டார். சபாபதி திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், பின்னால் வருகிற வண்டியைப் போகவிட்டார். இடப்பக்க இண்டிகேட்டரைத் தானே போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டி, மண்ணில் ஏற்றி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். தோள் துண்டை எடுத்து இரண்டு உள்ளங்கையையும் துடைத்துக்கொண்டு, விரலில்லாத காலை மெதுவாகத் தூக்கி வைத்து, நாற்காலியோடு அவன் பக்கமாகத் திரும்பினார்.

"வண்டி ஓடுறப்ப பேசக் கூடாதுப்பா. இப்ப சொல்லு."

"நான்தாம்பா கெடுத்தேன்," என்று இளவரசு நின்றபடியே ஆரம்பித்தான். பஸ்ஸில் ஏறிய ஜனங்கள் ஜன்னலோரமாக நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இண்டிகேட்டர் டிக், டிக்கென்று விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.